பதினான்காவது கட்டம்

மேசையைச் சுற்றி ஏழு பேர்.
ஒரு நாற்காலியை வராந்தாவில் போட்டுவிட்டு
என் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
டுலூத்தில் ஏப்ரல்.
இந்த வருஷத்து முதல் கப்பல் வந்து
பத்து நாளாகிறது.

'பள்ளிக்குப் பிறகு' என்று தலைப்பிட்ட தாள்.
பதினான்காவது கட்டம் மட்டும் காலி:
மாணவியின் விருப்பம்.
பெட்ரிச் சார் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஓட்டலில் துண்டு மடிக்க ஆள் தேடுகிறார்கள்,
உட்கார்ந்தே செய்யலாம் என்கிறார் ஆலோசகர் இவெட்.
சிக்னேவுக்குத் துண்டு என்றால் உயிர் என்கிறாள் அம்மா.
நாலு வயதில், அம்மா.
நாலு வயதில்.

பலகையில் தட்டத் தொடங்குகிறேன்.
வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான் என் கட்சி.
மற்ற ஒன்பதும் எப்போதும் வெளிநடப்பு.

பா.
ல.
"பால் பண்ணையா?" யாரோ குதிக்கிறார்கள்.
"ஹெர்மன்டௌன் பக்கம் ஒன்று இருக்கிறதே!"
ஏழு தலைகளும் பண்ணைக்குப் போய்விட்டன.

அழிக்கிறேன்.
யார் குறுக்கிட்டாலும் முதலிலிருந்துதான்;
இது என் சட்டம், அம்மாவுக்குத் தெரியும்.
அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.
ஹீட்டர் முனகுகிறது.
இவெட் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க
மிகவும் பாடுபடுகிறார்.

"பாலம்" என்கிறது பெட்டி.
என் பெயரை இன்னும் 'சைன்' என்றே உச்சரிக்கும்
யாரோ ஒரு பெண்ணின் குரலில்.

துறைமுகத் தூக்குப்பாலம்.
ஏரியிலிருந்து கப்பல் ஊதும்.
அதே தாளத்தில் பாலம் திருப்பி ஊதும்.
பிறகு எழும், தன் வேகத்தில்.
பீட்சா வண்டி நிற்கும், மேயரின் வண்டியும் நிற்கும்.
'இதைத்தானே சொல்ல வந்தாய்' என்று
எவரும் கீழிருந்து தூக்கிவிடுவதில்லை.
நடுவில், கூண்டுக்குள்,
பொத்தான்களோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.
உட்கார்ந்தே செய்யலாம், இவெட்.

இவ்வளவையும் தட்ட இருபத்தாறு நிமிடம்.

"கூண்டுக்கு ஏணியில்தான் ஏற வேண்டுமோ என்னவோ"
என்கிறார் பெட்ரிச் சார், மெதுவாக.
யாருக்கும் தெரியவில்லை.
எனக்கும்தான்.

"எதற்கும் துண்டையும் எழுதி வைக்கலாமே..."
அம்மா ஆரம்பித்து, என் விரலைப் பார்த்து,
பாதியில் நிறுத்துகிறாள்.

கே.
ளு.
ங்.
க.
ள்.

அவர் எழுதுகிறார்: பாலம் இயக்குபவர்.
ஏணியா என்று கேட்க வேண்டும்.
வேறு வழி உண்டா என்றும்.
கட்டம் போதாமல் கடைசி வரி
தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு
மேல்நோக்கி ஏறுகிறது.