பம்ப்பு வீட்டின் அமைப்புக் கோப்பு

ஜெலுத்தோங் கடலோரத்தில்
நான்கு பம்ப்புகளுக்கும் சேர்த்து ஒரே கோப்பு.
இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு.
ஐம்பத்தெட்டு வரிகள். அவ்வளவுதான்
மழையோடு பினாங்கு செய்துகொண்ட உடன்படிக்கை.

தொடங்கு_மட்டம் = 1.8
நிறுத்து_மட்டம் = 0.9
சோதனை = இல்லை

எனக்குத் தந்த வேலை சின்னது.
இதை வாசிக்க ஒரு நிரல், திருப்பி எழுத ஒரு நிரல்.
அஸ்லினா இனி திரையைத் தொட்டே எண்ணை மாற்றுவாள்.
வெள்ளிக்குள் முடி என்றார்கள்.
வியாழன் மாலையே முடித்துவிட்டு
மீ கோரெங் தாப்பாவ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முதல் தவறு அன்றிரவே.
சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நான்கு பம்ப்புகளும்
வறண்ட வாய்க்காலுக்குள் உறுமின.
'இல்லை' என்பதை வெறும் சொல்லாக வாசித்திருந்தேன்.
மூன்று எழுத்து. வெறுமை அல்ல.
வெறுமை அல்லாத எதுவும் என் நிரலுக்கு
ஆம்.
(இல்லை என்று தெளிவாகச் சொன்ன ஒருவனிடம்
இரண்டு வருடம் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.)

அதைத் திருத்த ஒரு வரி போதுமாக இருந்தது.
கடவுச்சொல்லுக்குள்ளேயே ஒரு சமக்குறி ஒளிந்திருந்தது;
முதல் குறியில் மட்டும் வெட்டு, மிச்சத்தை விட்டுவிடு என்று
அதற்கும் ஒரு வரி.

இரண்டாவது தவறு சத்தம் போடவில்லை.

அஸ்லினா 1.8ஐ 1.7 ஆக்கிச் சேமித்தாள்.
எண்கள் எல்லாம் சரி.
பெயர்கள் அகர வரிசைக்கு நகர்ந்திருந்தன,
அதையும் அழகு என்றே நினைத்தேன்.
பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தேழு.

# போட்டுத் தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போ
என்று நான்தான் எழுதியிருந்தேன்.
தாண்டியதை எங்காவது வைத்துக்கொள் என்று எழுதவில்லை.

பதினொரு குறிப்புகள்.
ஊய் பெங் ஹுவாட் ஒன்பது வருடங்களில்
பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சேர்த்தவை.
பழைய நகல் இருந்தது.
அதையும் இரவோடு இரவாக என் நிரலே எழுதியிருந்தது.

நினைவில் நின்றதை என் மொழியில் எழுதி வைத்தேன்:

# 2.0க்கு மேல் போகாதே. மீன்காரர் வீட்டு அடுப்பு நனையும்.
# மூன்றாவது பம்ப்பு முதல் அழைப்பில் எழாது. இன்னொரு முறை கேள்.
# பௌர்ணமி வாரம் கடலுக்குள் தள்ள முடியாது, கடல் திருப்பித் தள்ளும்.
# காத்திரு = 40. முப்பது வைத்துப் பார்த்தேன். அந்த ராத்திரி வேண்டாம்.
# குணாளன் லோரி

லோரி என்ன செய்தது? தெரியவில்லை.

ஊய் இப்போது கூச்சிங்கில்.
போனில் அவர் குரலுக்குப் பின்னால்
யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
"குணாளனா? யார் அது?" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஏதோ காரணம் இருந்திருக்கும் லா,
சும்மா எழுத எனக்கு அப்போது நேரம் ஏது?"

மறுபடி உட்கார்ந்தேன்.
இந்த முறை நிரல் கோப்பை வரி வரியாகவே தூக்குகிறது.
மாறிய மதிப்பை மட்டும் தொடுகிறது.
தனக்குப் புரியாததையும் பத்திரமாக எடுத்துப் போய்
எடுத்த இடத்திலேயே இறக்குகிறது,
வரிக் கடைசியில் யாரோ தட்டிய
காரணமில்லாத மூன்று இடைவெளிகள் உட்பட.

மீதி ஆறு குறிப்புகள் எந்த எண்ணின் தலைமேல் இருந்தன?
அகர வரிசை அந்தத் தடத்தையும் கலைத்துவிட்டது.
ஆகவே கோப்பின் உச்சியில்:

# இங்கே இன்னும் ஆறு வரிகள் இருந்தன.
# அழித்தது நான். ஹேமலோஷினி, அக்டோபர் 14.
# எந்த எண்ணும் காரணமில்லாமல் இருப்பதாக நினைக்காதே.

நேற்று ராத்திரி கொட்டியது.
1.7இல் ஒன்று எழுந்தது. இரண்டு. நான்கு.
மூன்றாவது அசையவில்லை.
நிரல் நாற்பது விநாடி காத்திருந்து
இன்னொரு முறை கேட்டது.