விடை மட்டும்

இரவுப் பணி முடிந்து இரண்டு மணி நேரம்தான் படுத்தேன்.
போதும் என்றது வாய்.
வாய் எப்போதும் அப்படித்தான்,
உடம்பைக் கேட்காமல் பேசிவிடும்.

ராக்ஹாம்ப்டனிலிருந்து மக்காய்
முந்நூற்று முப்பது கிலோமீட்டர்.
பின்னிருக்கையில் நிலவன், எட்டு வயது,
பெல்ட்டுக்குள் சரிந்தபடியே சொன்னான்:
"கேள்வி வந்தா எழுப்புங்கம்மா. மறந்துடாதீங்க."

இந்தச் சாலையில் கேள்விகளை நட்டு வைத்திருக்கிறார்கள்,
ஓட்டுகிறவர் கண்ணயராமல் இருக்க.
ஒரு பலகையில் கேள்வி.
நெடுந்தொலைவு தள்ளி இன்னொன்றில் விடை.
இடையில் மூளை எதையாவது
மென்றுகொண்டிருந்தால் சரி.

மார்ல்பரோ தாண்டியதும் சாலை நேரானது.
நேர்ச்சாலைக்கு இரக்கம் கிடையாது.
யூகலிப்டஸ், கம்பிவேலி, யூகலிப்டஸ்,
திமில் வைத்த வெள்ளை மாடுகள்
வெயிலையே அசைபோட்டுக்கொண்டு.
செத்த கங்காருவின் மேல் பருந்துகள் இரண்டு
கார் நெருங்கும்வரை எழவில்லை.
எழுந்தும் அதிக தூரம் போகவில்லை.

கண்ணாடியை இறக்கினேன், அனல் வந்தது.
புளிப்பு மிட்டாய் ஒன்று. கிராம்பு ஒன்று.
கன்னத்தில் எனக்கு நானே ஓர் அறை,
பிள்ளை விழிக்காத அளவுக்கு.
பிறகு வாய்ப்பாடு, சத்தமாக:
பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது
பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு
பதினேழு ஒன்பது

எதிரே ஒரு பலகை.
விடை: குக்டவுன் ஆர்க்கிட்.

எந்தக் கேள்விக்கு?

அந்தப் பலகையைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும்,
சாலை ஒன்றுதானே.
நடுவில் வளைவு இருந்திருக்கும், ஒரு குறும்பாலம்,
மாட்டு லாரி ஏதும் வந்திருந்தால்
ஒதுங்கிக்கூட இருப்பேன்.
கைகள் ஓட்டியிருக்கின்றன. கால் மிதித்திருக்கிறது.
நான் எங்கே இருந்தேன்?

இமைப்பொழுது என்று
எத்தனை லேசாகச் சொல்லிவிடுகிறோம்.
நூறில் போகிற காருக்கு
ஒரு நொடி என்பது இருபத்தெட்டு மீட்டர்.
மிச்சக் கணக்கைப் போடத் துணிவில்லை.
போட்டு முடித்த கணக்குகளைத்தான்
இரவெல்லாம் படம் பிடிக்கிறேன்,
கறுப்பில் வெள்ளையாய்:
காறை எலும்பு, விலா,
"ஒரு செகண்டுதான்" என்று
திரும்பத் திரும்பச் சொன்ன ஒருவரின் இடுப்பு.

"கேள்வி வந்துச்சாம்மா?"
முன்கண்ணாடியில் பாதி திறந்த கண்கள்.
இல்லை என்றால் முடிந்தது.
"வந்துச்சுடா. நான் தூங்கிட்டேன்."
விளையாட்டென்று சிரித்தான்.
நான் சிரிக்காததைப் பார்த்து
நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வேவர்லி க்ரீக்கில் நிறுத்தினேன்.
கொட்டகை நிழலில் ஒரு மடக்கு மேசை,
தகர டப்பாவில் பிஸ்கட், தேநீர் இலவசம்.
ஊற்றிக் கொடுத்தவர் சட்டையில்
ரஸ் என்று பெயர் குத்தியிருந்தது.
என் முகத்தைப் பார்த்தார்,
கோப்பையில் இன்னொரு தேயிலைப் பையைப் போட்டார்.
எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.
பதினேழு ஒன்பதிலிருந்து
என்று சொல்ல இருந்தேன்.

தேநீர் சூடாகத்தான் இருந்தது.
அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகவில்லை,
கோப்பையோடே தலை தொங்கியது.
காரை மர நிழலுக்கு நகர்த்தி
இருக்கையைச் சாய்த்தேன்.
"இருபது நிமிஷம்" என்றேன்.
தன் கைக்கடிகாரத்தில் அழுத்திவிட்டு
காவலுக்கு உட்கார்ந்தான்,
மடியில் ஐந்து பிஸ்கட்.

கோழித்தூக்கம். கனவுகூட வரவில்லை,
வந்திருந்தால் சாலைதான் வந்திருக்கும்.

கடிகாரம் கீச்சிட்டபோது
பிஸ்கட் தீர்ந்திருந்தது.
கண்ணாடி முழுக்க அவன் மூச்சு,
அதில் விரலால் வரைந்த ஏதோ ஒரு பூ.
"விடை என்ன போட்டிருந்துச்சு?"
சொன்னேன்.
"அப்ப கேள்வி ஈஸிம்மா,
நம்ம மாநிலத்துப் பூ எதுன்னு இருக்கும்.
ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

சாவியைத் தொட்டேன்.
"இருங்க" என்றான்.
"நீங்க கணக்குச் சொல்லிட்டே வந்தீங்கல்ல,
பாதித் தூக்கத்துல கேட்டுச்சு.
ஒன்பதுல நிறுத்திட்டீங்க.
நான் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்,
வரவே இல்ல."

நூற்று ஐம்பத்து மூன்று என்றேன்.
பிறகுதான் காரைக் கிளப்பினேன்.