வெட்டாத நாள்

விடியக்காலம் நாலு மணி.
நெற்றியில் விளக்கு.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய
இருநூற்றெண்பது ரப்பர் மரம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்ந்த கோடு.
அவல் கனத்துக்குப் பட்டை சுருண்டு விழும்.
சிரட்டையில் பால் சொட்டுமுன்
அடுத்த மரத்தில் நிற்பேன்.

சாயங்காலம் கிட்டார்.
குவைத்திலிருந்து வந்த நாத்தனார் மகன்
அலமாரி மேல் போட்டுவிட்டுப் போனது.
நாற்பத்தொரு வயதில் இவளுக்கென்ன என்று
ஆலஞ்சோலையில் கேட்காதவர் இல்லை.
கேரல் ரவுண்டுக்கு வாசிக்க ஆளில்லை என்றேன்.
அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.

சி வந்தது. ஜி வந்தது.
ஏ மைனர் தானாக வந்து உட்கார்ந்தது.
எஃப் மட்டும் வரமாட்டேன் என்றது.
ஒற்றை விரலால்
ஆறு கம்பியையும் படுக்கவைக்கணும்.
அமுக்கினேன்,
துருப்பிடித்த தாழ்ப்பாளை அமுக்குவதுபோல.
தோள் காதுவரை ஏறியதே தெரியவில்லை.
டெல்பின் போனில் பிடித்துக் காட்டினாள்:
"யக்கா, பேயக் கண்டது மாதிரி இருக்கிய."

நவம்பர் கடைசியில் ஒருநாள்
மூன்று மணிநேரம், ஒரே மூச்சு.
மறுநாள் இடது முழங்கையின் வெளிப்பக்கம்
ஒரு புள்ளி முளைத்திருந்தது.
தொட்டால் உயிர் போகும்.
தேங்காய் துருவ ஆள் வைத்தேன்,
வீட்டுக்காரரைத்தான்.

கத்திக்கு ஆள் வைக்க முடியுமா?
நாற்பதாவது மரத்தில் கை வெட்டி இழுக்க
கத்தி ஆழம் போய்விட்டது.
பட்டைக்குள்ளே தடி தெரிந்தது,
எலும்பு மாதிரி, வெள்ளையாக.
அந்த இடம் இனி முண்டாகத்தான் வளரும்.
பத்து வருடம் கழித்து இங்கே வெட்டுகிறவர்
யாரென்று தெரியாமலே என்னைத் திட்டுவார்.

விளக்கு வெளிச்சத்தில் நின்றேன்.
வேலைக்குச் சேர்ந்த வாரமே படித்தது இது:
ஆழத்துக்குப் போனால் பால் கூடாது,
மரம்தான் கெடும்.
இன்று வெட்டினால் நாளை தொடாதே.
சரிதான், நாளை தொடமாட்டேன்.
ஓடைக்கு அந்தப்பக்கம்
வேறு இருநூற்றெண்பது நிற்கிறது.
மரத்துக்கு லீவு உண்டு.
எனக்கு மறுபக்கம் உண்டு.

நாலு நாள் கிட்டாரைத் தொடவில்லை.
ஐந்தாம் நாள்
கைவைத்த நாற்காலியைத் தள்ளிவிட்டு முக்காலி.
இடது காலுக்குக் கீழே
பால் உறையவிடும் அலுமினியத் தட்டைக் கவிழ்த்தேன்.
கிட்டாரின் கழுத்து மேலே ஏறியது,
மடிந்து கிடந்த மணிக்கட்டு நேரானது.
கம்பிக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு பென்சில் நுழையும் இடைவெளி.
மார்த்தாண்டத்துக் கடையில் விஜின்
சிரித்துவிட்டான்:
"இதுல வாசிச்சா ஆனைக்கும் கை நோவும்."
அரத்தால் தேய்த்து இறக்கினான்,
மெல்லிய கம்பி மாற்றினான்.
முந்நூற்றைம்பது ரூபாய்.

இப்போதெல்லாம்
வெந்நீரில் கை நனைத்த பிறகே கம்பி.
உலை கொதிக்கும் நேரம் வாசிப்பு,
கஞ்சி வடிக்கும் நேரம் சும்மா இருப்பு.
புள்ளி முணுமுணுத்தால்
அன்றைக்கு அவ்வளவுதான்.
இன்னொன்றும் செய்கிறேன்:
எவ்வளவு குறைவாய் அமுக்கினால்
சத்தம் பிறக்கும் என்று தேடுகிறேன்.
சும்மா தொட்டால் டொப்.
கொஞ்சம் கூட்டினால் கரகர.
இன்னும் ஒரு மயிரிழை,
மணி அடிக்கிறது!
அதற்கு மேலே இத்தனை நாள் போட்ட பலமெல்லாம்
பாட்டுக்குப் போகவில்லை,
முழங்கைக்குப் போயிருக்கிறது.

கேரல் ராத்திரி வந்தபோதும்
எஃப் முழுசாய் வரவில்லை.
தடித்த இரண்டு கம்பியை விட்டுவிட்டு
நாலில் சமாளித்தேன்.
டெல்பின் மட்டும் கண்டுபிடித்துக் கண்ணடித்தாள்.
ஏழாவது வீட்டில் கேக் வெட்டும்போது
கையைத் தொங்கவிட்டு உதறினேன்.
என்னவென்று கேட்டார்கள்.
குளிர் என்றேன்.

நாற்பதாவது மரத்தின் காயத்தில்
களிமண் குழைத்துப் பூசியிருக்கிறேன்.
கடக்கையில் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துவேன்.
நாளைக்கு அதற்கு வெட்டு இல்லை.
கிட்டாருக்கும் உறை போட்டாயிற்று.