மறுமுனை

டிசம்பர் இருபத்து நான்கு.
இந்த ஊரில் அது வெறும் செவ்வாய்க்கிழமை.
கிறிஸ்து இங்கே ஜனவரி ஆறாம் தேதிதான் பிறக்கிறார்.
அதுவரை கியூம்ரிக்கு அவசரமில்லை.
சாம்பல் வாளியோடு ஒருவர் தெருவைக் கடக்கிறார்,
ரொட்டிக்கடை வரிசை முனகியபடி நகர்கிறது.

ஆர்னி கிடங்கில் இருக்கிறார்.
நாற்பத்திரண்டு சக்கர நாற்காலிகள்
சுங்கத்தில் நிற்கின்றன.
முத்திரை நீலத்தில் இருக்க வேண்டுமாம், எங்களுடையது கறுப்பு.
முப்பத்தொரு வருடம் கோதுமைக் களஞ்சியம் நடத்தியவர்
தொலைபேசியில்
"ஆமாம் ஐயா, நீலம், ஆமாம்" என்கிறார்,
கன்று ஈனும் பசுவிடம் பேசுகிற குரலில்.

சஸ்காட்செவன் வீட்டை வாடகைக்கு விட்டு வந்தோம்.
நேற்று மகள் கைபேசியில் காட்டினாள்:
எங்கள் வாசல் தூணில் யாருடைய விளக்குகளோ.
பச்சை மட்டும்.
நானாக இருந்தால் பச்சை மட்டும் போட்டிருக்க மாட்டேன்.
முன்பல் இரண்டும் விழுந்த வாயால் பேத்தி
"எப்போ வருவே?" என்றாள்.
ஆகஸ்ட் என்றேன்.
ஏதோ தூரதேசத்தின் பெயர்போல அது
அவள் காதில் விழுந்திருக்கும்.
அழவில்லை என்றால் பொய்.
துடைத்த கையுறை முரடு, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் எண் டோமிக்.
நிலநடுக்கத்துக்குப் பிறகு
ஈராண்டுக்கென்று இறக்கிய தகரப் பெட்டி.
அதில் பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள்.
என் படிவத்தில் நான்கு கட்டங்கள்:
போர்வை, மெத்தை, அடுப்பு, பிற.

சிரானுஷ் கதவைத் திறந்தாள்.
போர்வையை வாங்கி, மடிப்புக் கலையாமல்
நாற்காலியில் வைத்தாள்,
விருந்தாளியின் கோட்டை வாங்கி வைப்பதுபோல.
பிறகு உள்ளே போய்
சுருட்டிய கம்பளம் ஒன்றை இழுத்து வந்து
ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.
"பிர்னி."

மொழி சொல்ல மான்வெல் இல்லை,
வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தான்.
"பிர்னி!" இப்போது சத்தமாக,
செவிடருக்குச் சொல்வதுபோல.
பிடி என்கிறாள்.
பிடித்தேன்.

புத்தாண்டுக்கு முன் கம்பளத்தைப் பனியில் அடித்தாக வேண்டும்.
மறுமுனை பிடிக்கிற மகன்
கிராஸ்னோடாரில் செங்கல் அடுக்குகிறான்.

முகம் கவிழ்த்துப் போட்டோம்.
ஏறி மிதித்தோம். பிரம்பால் அடித்தாள்,
எனக்கும் ஒரு பிரம்பு தந்தாள்.
நான் அடித்த விதம் பார்த்து
பதினான்காம் எண் வர்துஹி வெளியே வந்து சிரித்தாள்.
அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னும் இருவர்.
தூக்கினால், அடியில்
வெள்ளைப் பனியில் ஒரு சாம்பல் செவ்வகம்:
கரி, ரொட்டித் துகள், முடி,
சட்டைப் பொத்தான் ஒன்று.
ஒரு வருடம் அவ்வளவுதான் அகலம், அவ்வளவுதான் நீளம்.
பொத்தானைக் குனிந்து எடுத்து
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள் சிரானுஷ்.
எதுவும் சொல்லவில்லை. பைக்குள் போட்டாள்.
புதுப் பனிக்கு நகர்ந்தோம்.

பிறகு வர்துஹியின் கம்பளம்.
பிறகு பெயர் கேட்க மறந்துபோன ஒருத்தியின் கம்பளம்,
அது ஈரத்தில் பன்றி கனம்.
நான்காவதற்கு நானே "பிர்னி" என்று கத்தினேன்,
எல்லோரும் என் உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிச்
சொல்லிச் சிரித்தார்கள்.
அக்ரூட் வைத்த உலர்ந்த பீச் பழத்தை
ஒருத்தி என் வாயிலேயே திணித்தாள்,
கையுறை கழற்ற விடாமல்.

வண்டியில் படிவத்தை நிரப்பினேன்.
போர்வை: 1.
பிற: கம்பளம், 4.
மான்வெல் எட்டிப் பார்த்தான்.
"நாலு கம்பளம் எந்த நிதியிலிருந்து வாங்கினீர்கள் என்று
தலைமையகம் கேட்கும்."
கேட்கட்டும்.

இரவு தோளுக்கு மேல் கை எழவில்லை.
ஸ்வெட்டரை ஆர்னிதான் தலைவழியே உருவினார்.
"கரி வாசம்" என்றார்.
"நீலம் கிடைத்துவிட்டது,
அதிகாரிதான் வீட்டுக்குப் போய்விட்டார்" என்றார்.
இன்று என்ன இரவு என்பதை
இருவருமே எடுக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மறுபடி பனி.
பன்னிரண்டாம் எண் வாசலில் அந்தச் செவ்வகங்கள்
இந்நேரம் மூடியிருக்கும்.
நாளை மெத்தைகள். மூன்றாம் எண்ணில் தொடங்க வேண்டும்,
முதுகு ஒத்துழைத்தால்.