இருக்கெண்டு சொல்லாதது

தட்டாதெருச் சந்தியில்
மோட்டர் சுற்றுகிற கடைக்கு மேல்மாடி.
கீழிருந்து வார்னிஷ் மணம் ஏறுகிற மூன்று மணிக்கு
அரிசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தா
றோஸ்லின், அந்த மடிக்கணினியை.
பாசையூர் ஐஸ் கொம்பனியின் கணக்கு முழுக்க
ஒருகாலம் இதற்குள்தான்.
பிணைச்சலில் உப்பு.
எட்டாம் இலக்கம் தேய்ந்து வெறும் கறுப்பு.

"விண்டோஸ் செத்துப்போச்சு தங்கச்சி.
காசில்லாதது ஏதும் போட்டுத் தா.
புதுசு வாங்கிற விலைக்கு
ஒரு வள்ளத்துக்கு வலை எடுக்கலாம்."

அரை மணித்தியாலம் என்றேன்.
அது செவ்வாய்க்கிழமை.

பென்டிரைவைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.
பயோஸுக்குள் போய்ப் பார்த்தேன்:
பிளொப்பி உண்டு, சீடி உண்டு,
பென்டிரைவ் என்ற பேச்சே இல்லை.
வெறுஞ்சீடி தேடி கஸ்தூரியார் வீதி முழுக்க அலைந்து
கலியாண வீடியோக்காரர் ஒருவரின் லாச்சியில்
ஐந்து கிடைத்தது.
எரித்ததில் மூன்று பழுது.

மணிக்கூடு காட்டியது
2003 சனவரி முதலாம் திகதி, இரவு பன்னிரண்டு.
உள்ளேயிருக்கும் காசளவு பட்டரி செத்தால்
ஒவ்வொரு முறையும் அந்த இரவுக்கே போய் விழும்.
அந்த இரவு நான் எங்கே நின்றேன் என்று
யோசிக்கத் தொடங்கி
விட்டுவிட்டு
பட்டரியை மாற்றினேன்.

அறுபத்துநாலு பிட் லினக்ஸ் வாசலிலேயே கைவிரித்தது.
முப்பத்திரண்டைப் போட்டேன்.
கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து:
இந்தச் சில்லில் பி.ஏ.ஈ. இல்லை.
பொருத்தமான வேறொன்றைப் பாவிக்கவும்.

புதன் முழுக்க அதே இரண்டு வரி.
இடையில் கரண்ட் போகும்.
மடிக்கணினியின் பட்டரி பேருக்குத்தான்.
வந்ததும் திரும்ப முதலிலிருந்து.
"உதைக் கழட்டி உதிரியாய் வில்லுங்கோ அக்கா"
என்றான் துவாரகன்,
திருகாணிச்சாவியை ஏற்கெனவே கையில் எடுத்துக்கொண்டு.

வியாழன் இரவு
சில்லைப் பற்றிய கையேட்டை இறக்கி
நுளம்புத்திரி முடியுமட்டும் வாசித்தேன்.
பி.ஏ.ஈ. உள்ளே இருக்கிறது.
பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது.
உன்னிடம் என்னென்ன உண்டு என்று கேட்டால்
மற்ற எல்லாவற்றையும் ஒப்புவிக்கும்,
இதை மட்டும் சொல்லாது.
ஏன் அப்படிச் செய்தார்கள் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

கொழும்பில் பன்னிரண்டு வருசம்
பேக்கரியில் நின்ற மனிசன், என்ர அப்பா.
சென்றிப் பொயின்ரில்
"சிங்களம் தெரியுமோ?" என்று கேட்டால்
வெறுமனே தலையாட்டுவார்,
இல்லை என்பதற்கு.
பிறகு அவர்கள் தங்களுக்குள் கதைப்பது முழுதையும்
காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார்.
பஸ்ஸில் ஏறி, சந்தி தாண்டினபிறகுதான்
அம்மாவின் காதுக்குள் ஏதோ சொல்லுவார்.

தொடக்க வரியின் முடிவில்
வற்புறுத்து என்று பொருள்படும் ஒரு சொல்.
பிறகு இரண்டு சின்னக் கோடு.
பிறகு திரும்ப அதே சொல்.
முதலாவது இந்த ஒருமுறைக்கு.
மற்றது இனி வரும் எல்லா முறைக்கும்.
எழுத்தெழுத்தாய்ப் பார்த்துத்தான் தட்டினேன்.

சீடி இருமிக்கொண்டு சுற்றியது.
வரிகள் ஓடின, ஓடின,
நடுவில் ஒன்று கண்ணில் பட்டது:
வற்புறுத்தப்பட்டது. கேர்னல் கறைபட்டது.
இனி என்ன நடந்தாலும்
எங்களைக் கேட்காதே என்பதைத்தான்
அப்படி எழுதுவார்கள்.

கறையோடு எழும்பி
திரை நீலமானது.
துவாரகன் திருகாணிச்சாவியை மேசையில் வைத்தான்.

வெள்ளி காலமை றோஸ்லின் வந்தா,
கையில் ஒரு கோர்வை ஓரா.
"என்ன வருத்தமாம் இதுக்கு?"
"ஒரு வருத்தமும் இல்லை. கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்லேல்லை."
"உப்பிடி எங்கட தெருவிலை கனபேர்."

பழைய கணக்கைத் திறந்தா.
விரலால் கீழே கீழே போய்
ஓரிடத்தில் நிறுத்தினா.
"அந்தோனிமுத்து. பதினெட்டுக் கட்டி ஐஸ். கடன்.
பார், கனடாவிலை வீடு வாங்கியிட்டான்!"
சிரித்துக்கொண்டே
தொலைபேசியைத் தேடி
பைக்குள் கை விட்டா.