மணிக்கணக்கு

வெள்ளி பிற்பகல் மூன்றிலிருந்து
ஞாயிறு விடியற்காலை ஆறு வரை
முப்பத்தொன்பது மணி நேரம்.
மூன்று நாள் ஆகாது என்றேன்.
ஞாயிறு பள்ளி மிஸஸ் பெவரிட்ஜ்
என்னைக் கோட்டுகள் தொங்கும் இடத்தில் உட்கார வைத்தார்.
ஈரக் கம்பளி வாசனை. அது பிடித்திருந்தது.

பிறகு கோவிலுக்கு டிரம்ஸ் வந்தது, புரொஜெக்டர் வந்தது.
"சமாதானம்" என்று சொல்லிச் சொல்லி
ஒவ்வொருவராய் வந்து கையைப் பிடித்தார்கள்.
சமாதானம் போயிற்று.

ஒன்பது வருடம்
ஞாயிறுகளில் துணி துவைத்தேன்.
கடவுள் இல்லை என்பது
இயந்திரம் கடைசிச் சுற்று முடித்து நின்றதுபோல
நன்றாகவே இருந்தது, கொஞ்ச காலம்.
ஆட்டிசம் என்று ஒரு கடிதம் வந்தது.
என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

லிங்கன்ஷயர் மழையில் நெவில் கேட்டார்:
கோபுரத்தில் ஐந்தாம் கயிற்றுக்கு ஆளில்லை,
எண்ணத் தெரியுமா?

எண்ணத் தெரியும்.
ஆறு மணி, எழுநூற்றிருபது வரிசை,
ஒன்றுகூடத் திரும்ப வராது.
இங்கே யாரும் என் கண்ணைப் பார்ப்பதில்லை,
எல்லோரும் கயிற்றைப் பார்க்கிறோம்.
இரண்டு ஓசைக்கு நடுவே
என் அளவுக்கு ஓர் இடம்
திறந்து மூடுகிறது.

விசுவாசப் பிரமாணத்தில் பாதி வரிகளுக்கு
இன்னும் வாய் திறப்பதில்லை.
முப்பத்தொன்பது முப்பத்தொன்பதுதான்.
மிஸஸ் பெவரிட்ஜிடம் அல்ல,
இப்போது
உயிர்த்தவரிடமே கேட்கிறேன்.