ஆறு பாயிண்டில் ஒரு வரி

செவ்வாய்க்கிழமை நாலாம் பக்கம்
நொய்யலானுக்கு.
மேல் மூலையில் அவருக்கு முடி இருந்த காலத்துப் படம்.
எழுத்தை ஊற்றி, தொங்கினால் கத்தரித்து,
குறைந்தால் தலைப்பைப் பெருக்கி
பக்கத்தை மூடுவது என் வேலை.

அதற்கு முன் ஆறு வருசம்
அனுப்பர்பாளையத்தில் லேபிள் அடித்தேன்.
பனியன் கழுத்தில் உறுத்துமே, அந்தத் துணுக்கு.
அறுபது பருத்தி, நாற்பது பாலியஸ்டர்.
ஒருதரம் அது எழுபது முப்பது என்று மாறிப்போய்
தூத்துக்குடி வரை போன கன்டெய்னர்
திரும்பி வந்தது.
துணியில் ஒரு குறையும் இல்லை.
பழையதைப் பிரித்து, புதியதை வைத்துத் தைத்து
பத்தொன்பது பேர், மூன்று ராத்திரி.
எங்கோ ஒருவன் வாங்கிப்போன அன்றைக்கே
உறுத்துகிறதென்று வெட்டி எறியப்போகும்
ஒன்றரை அங்குலத்துக்காக.

நொய்யலான் லேசுப்பட்டவர் இல்லை.
சாயப்பட்டறைகளைப் பற்றி அவர் எழுதியபோது
டீக்கடையில் சத்தமாக வாசித்தவன்
பட்டறையில் வேலை செய்கிறவன்தான்,
நகமெல்லாம் ஊதா.
ஆறாவது அப்போது ஒளிக்காமல் இருந்தது.
பாலத்தில் நின்றால் போதும்,
இந்த வாரம் என்ன கலர் ஆர்டர்,
எந்தப் பட்டறை திறந்துவிட்டது என்று
தண்ணீரே சொல்லிவிடும்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில்
அவர் கட்டுரையோடு
ஒரு வவுச்சரும் தவறி ஸ்கேனாகி வந்தது.
வேட்பாளரின் அலுவலகம், அவிநாசி ரோடு.
'கருத்துப் பணி. நான்கு தவணையில் இரண்டாவது.'
கையெழுத்து நொய்யலான் என்று இல்லை,
அ. பொங்கியண்ணன்.
அன்றைய கட்டுரையில் அந்த வேட்பாளர்
நம் குடிநீர்க் குழாயை நினைத்து
ராத்திரி தூங்காதவர்.

போன் போட்டேன்.
"அதொண்ணுமில்ல அம்முணி, மொய் மாதிரி.
காசு வாங்காட்டியும் இதையேதான் எழுதியிருப்பேன்."
"இருக்கட்டுங்ணா. அப்பச் சொல்லிப்போட்டே எழுதலாமுங்களே.
மொய்யை நம்மூர்ல மைக் வெச்சுத்தான வாசிக்கறோம்,
நூத்தியொண்ணா இருந்தாலும்."
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
"சொன்னா எவன் படிப்பான்?"

இத்தனை வருசத்தில் நான் வெட்டவோ
நீட்டவோ தேவைப்படாத
அவருடைய ஒரே வாக்கியம்.

நாற்பது பாலியஸ்டர் என்று தெரிந்தேதான்
வாங்குகிறார்கள், உடுத்துகிறார்கள்,
துவைத்துக் காயப்போடுகிறார்கள்.
பாலியஸ்டர் ஒன்றும் பாவமில்லை.
இதை அவரிடம் சொல்லத் தோன்றியபோது
போன் வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கட்டுரைக்குக் கீழே, ஆறு பாயிண்டில், அடித்தேன்:
இதை எழுதியவர் இதில் வரும் வேட்பாளரின்
தேர்தல் அலுவலகத்தில் பணம் பெற்றிருக்கிறார்.
அவ்வளவுதான்.
தொகை போடவில்லை. திட்டவில்லை.
லேபிளில் திட்டுகிற வழக்கம் இல்லை.

ஆசிரியர் சிவமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.
"அஞ்சாம் பக்கத்துல அதே ஆளோட கால்பக்கம் வருது.
அதுல விளம்பரம்னு போட்டாச்சல்ல?"
"அது அஞ்சாம் பக்கமுங்க."
"ஏம்மா, ரெண்டுக்கும் நடுவுல
ஒரு மடிப்புத்தான இருக்குது."
அழித்தார். அவர் விரல்தான், என் கீபோர்டு.

பக்கம் இரண்டு வரி குறைந்தது.
ஒன்பதே முக்காலுக்கு வண்டி.
தலைப்பைப் பெருக்கினேன்.
'தூங்காத மனிதர்'
பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டால்
எதிர்ச்சாரியில் நின்றே படிக்கலாம், அத்தனை பெரிது.

இதைப் படிக்கிறவர்களுக்கு:
இந்தக் கவிதைக்கு யாரும் எதுவும் தரவில்லை.
அந்த மாதம் ஓவர்டைம்
ஆயிரத்து எண்ணூறு வாங்கினேன்.
கவரில் பெயர் எதுவும் இல்லை.
நானும் கேட்கவில்லை.